விருந்தினரின் தட்டை எடைபோடுங்கள்: சுற்றுலா நடத்தை ஆய்வில் புதிதாக இறங்குவோருக்கு

சுற்றுலாவும் ஹோட்டல் மேலாண்மையும் படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக்கு யோசனை கேட்டு என்னிடம் வரும்போது, பெரும்பாலும் கையில் வினாப்படிவத்தோடுதான் வருகிறார்கள். முப்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள், தலைப்பில் தவறாமல் 'திருப்தி' என்ற சொல். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பது முடிவாகும் முன்பே, எப்படிக் கேட்பது என்பது முடிவாகியிருக்கும். அந்தத் தாளை ஒரு மாதத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. அந்த ஒரு மாதத்திலும் அதற்குப் பிறகும் என்ன செய்யலாம் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில், சீனர்கள்மீது வெறுப்பு பரவிக் கிடந்த அமெரிக்காவில், ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு காரில் நெடும்பயணம் போனார். தங்கும் விடுதிகள், உணவகங்கள் என 251 இடங்களில் நுழைந்தார்கள். இடமில்லை என்று திருப்பி அனுப்பியது ஒரே ஓர் இடம். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று லாபியர் கேட்டார். பதில் எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். 1934ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆய்வில் குறைகள் உண்டு. வரவேற்பு மேசையில் நின்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒரே ஆளாக இருந்திருக்க வேண்டியதில்லை, தம்பதியின் பக்கத்தில் ஒரு வெள்ளையர் நின்றதும் நுழைவை எளிதாக்கியிருக்கலாம். ஆனாலும் அது எழுப்பிய சிக்கல் இன்றுவரை நம் துறையை விட்டு அகலவில்லை. மனிதர்கள் தாளில் சொல்வதை வைத்து, அவர்கள் மேசைக்கு முன்னால் நின்று செய்யப்போவதை அப்படியே கணித்துவிட முடியாது.

முதல் படி: எண்ணக்கூடிய ஒரு செயலைத் தேர்ந்தெடுப்பது

'சுற்றுலாப் பயணிகளின் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு' என்பது ஒரு தலைப்பே ஒழிய ஆய்வுக் கேள்வி ஆகாது. 'இந்த விடுதியில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவோரில் எத்தனை பேர் முதல் நாள் துண்டையே மறுநாளும் பயன்படுத்துகிறார்கள்' என்பது கேள்வி. முதலாவதற்கு வருகிறவர்கள் சொல்வதைத்தான் நம்பியிருக்க வேண்டும். இரண்டாவதற்குக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாலே விடை கிடைக்கும். துண்டைத் திரும்பப் பயன்படுத்துவது, தட்டில் சோற்றை மிச்சம் வைப்பது, தினமும் அறையைச் சுத்தம் செய்யச் சொல்வது, முன்பதிவை ரத்து செய்வது, கோயில் வாசலில் வழிகாட்டியை அமர்த்துவது, குப்பைத் தொட்டி வரை நடப்பது என, கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய செயல்கள் நம் துறையில் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கூடவே, யாரைச் சுற்றுலாப் பயணி என்று கொள்கிறீர்கள் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் வரையறைப்படி, சென்ற இடத்தில் ஓர் இரவாவது தங்குபவரே சுற்றுலாப் பயணி; காலையில் வந்து மாலையில் திரும்புபவர் ஒருநாள் வருகையாளர். இருவரின் செலவும், அவசரமும், இடத்தோடு கொள்ளும் உறவும் வேறு வேறு. இருவரையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால், யாருக்கும் பொருந்தாத ஓர் எண் கையில் மிஞ்சும்.

இரண்டாம் படி: படிப்பது, மறுபடியும் படிப்பது

கூகுள் ஸ்காலரில் தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழும். 'டூரிசம் மேனேஜ்மென்ட்', 'ஜர்னல் ஆஃப் டிராவல் ரிசர்ச்', 'ஆனல்ஸ் ஆஃப் டூரிசம் ரிசர்ச்' ஆகிய மூன்று இதழ்களின் அண்மை ஆண்டுகளோடு தொடங்கினால் போதும். சுருக்கத்தைப் படித்துவிட்டு முடிவுரைக்குத் தாவும் பழக்கத்தை விட்டுவிட்டு, 'முறை' என்ற பகுதியை முதலில் படியுங்கள். எங்கே, எத்தனை பேரை, எத்தனை நாள், எதைக் கொண்டு அளந்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். என் அனுபவத்தில், ஒரு கட்டுரையை நம்பலாமா என்பது அந்த இரண்டு பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது.

ஓர் ஆய்வை மட்டும் படித்துவிட்டு நிற்கக் கூடாது என்பதற்குக் குளியல் துண்டு பற்றிய ஆய்வுகளே நல்ல பாடம். நோவா கோல்ட்ஸ்டீன், ராபர்ட் சியால்டினி, விளாடாஸ் கிரிஸ்கெவிசியஸ் ஆகிய மூவரும் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்க ஹோட்டல் ஒன்றின் குளியலறைகளில் இரண்டு வகை அட்டைகளை மாட்டி வைத்தார்கள். 'சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள்' என்ற வழக்கமான வாசகம் இருந்த அறைகளில் 35 விழுக்காட்டினர் துண்டை மீண்டும் பயன்படுத்தினார்கள். விருந்தினர்களில் பெரும்பாலானோர் அப்படிச் செய்கிறார்கள் என்ற செய்தி இருந்த அறைகளில் அது 44 விழுக்காடு. இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலானோர் செய்தார்கள் என்று எழுதிப் பார்த்தபோது 49 விழுக்காட்டை எட்டியது. யாருமே தன்னைப் பார்க்காத குளியலறையில், முன்பு அங்கே தங்கிப்போன முகம் தெரியாத ஒருவரின் பழக்கம் இன்னொருவரின் கையை நகர்த்துகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் 2014ஆம் ஆண்டு ஜெர்மனியில் கெர்ட் போனரும் லேனா ஷ்லூட்டரும் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 'மற்றவர்கள் செய்கிறார்கள்' என்ற வாசகம் வழக்கமான வாசகத்தை விஞ்சவில்லை. அங்கே துண்டை மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் ஏற்கெனவே பரவலாக இருந்தது. அமெரிக்க ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஓர் ஊரில் வேலை செய்யும் உத்தி, வழக்கம் ஏற்கெனவே ஊன்றிவிட்ட இன்னோர் ஊரில் நகர இடமில்லாமல் நின்றுவிடலாம். ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் 'இதைத் திரும்பச் செய்து பார்த்தவர் யார்?' என்று எழுதி வைத்து, அதற்கும் தேடுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா டோல்னிச்சாரும் அவருடைய குழுவினரும் விடுதிகளில் நடத்தியிருக்கும் கள ஆய்வுகளைக் கட்டாயம் படியுங்கள். விருந்தினரின் நல்லெண்ணத்துக்கு விடுக்கும் வேண்டுகோள்கள் பல இடங்களில் எடுபடாமல் போவதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அரசுப் புள்ளிவிவரத்தைத் திறக்கும்போது

களத்துக்குப் போகும் முன், ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பதைப் பாருங்கள். இந்தியச் சுற்றுலா அமைச்சகம் ஆண்டுதோறும் புள்ளிவிவரத் தொகுப்பு வெளியிடுகிறது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை மாதந்தோறும் வருகை அறிக்கை தருகிறது. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஓர் எண்ணைப் பார்த்தால், அதை யார், எந்த வாசலில் நின்று எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

இந்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் நினைவுச்சின்னங்களில் 2021-22ஆம் ஆண்டில் வெளிநாட்டினர் மிக அதிகமாக வந்த இடம் மாமல்லபுரம் என்று தொகுப்பு சொல்கிறது. சுமார் 1.45 லட்சம் பேர். தாஜ்மகாலுக்கு 39 ஆயிரத்துக்கும் குறைவு. நாளிதழ்கள் இதைக் கொண்டாடின, நமக்கும் பெருமைதான். ஆய்வாளர் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அது பெருந்தொற்றால் சுற்றுலா விசா வெகுகாலம் நின்றிருந்த ஆண்டு. அப்படியானால் டிக்கெட் வாங்கிய வெளிநாட்டினர் யார்? விமானத்தில் புதிதாக வந்திறங்கியவர்களா, சென்னையைச் சுற்றி ஏற்கெனவே வேலையிலும் படிப்பிலும் இருந்தவர்களா? டிக்கெட் கிழிக்கும் இடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இலங்கையின் வரைபடமும் இப்படித்தான்: 2018இல் 23 லட்சத்தைத் தாண்டிய வருகை 2021இல் இரண்டு லட்சத்துக்கும் கீழே விழுந்து, 2024இல் மீண்டும் 20 லட்சத்தைக் கடந்தது. இடையில் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, பெருந்தொற்று, 2022 பொருளாதார நெருக்கடி என மூன்று அடிகள். அங்கே ஏதாவது ஓர் ஆண்டை 'வழக்கமான ஆண்டு' என்று எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் கணக்கு உங்களை ஏமாற்றிவிடும்.

களத்தில் இறங்குதல்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் களம் விடுதியின் காலை உணவுக் கூடம். செலவு குறைவு, விருந்தினருக்குத் தொல்லை இல்லை, உரிமையாளருக்கும் பயன் உண்டு என்பதால் அனுமதி எளிதில் கிடைக்கும். நல்ல முன்னோடிகளும் இருக்கிறார்கள். நார்வேயைச் சேர்ந்த ஸ்டெஃபன் கால்பெக்கன், ஹாகன் சேலன் இருவரும் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பஃபேயில் தட்டின் அளவைச் சிறிதாக்கிய ஹோட்டல்களில் உணவு விரயம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. 'எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்' என்ற பலகையை வைத்த ஹோட்டல்களிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. ஸ்லோவேனியா விடுதி ஒன்றில் டோல்னிச்சாரும் சக ஆய்வாளர்களும் குடும்பங்களுக்குச் சிறு கையேடு ஒன்றைக் கொடுத்து, தட்டைக் காலி செய்த ஒவ்வொரு முறையும் முத்திரை குத்தி, நிறைந்ததும் குழந்தைக்குச் சிறு பரிசு கொடுத்தார்கள். தட்டில் மிச்சமாகும் உணவு 34 விழுக்காடு குறைந்தது. சிக்கனத்தைப் பற்றி யாருக்கும் எந்த உபதேசமும் செய்யாமல் கிடைத்த பலன் இது.

நீங்கள் செய்யும் முறை இப்படி இருக்கட்டும். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விடுதியின் பெயர் வெளிவராது என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். பாத்திரம் கழுவுமிடத்தில் இரண்டு வாளிகள் வையுங்கள்: ஒன்று உண்ணத்தக்க மிச்சத்துக்கு, மற்றது வாழைப்பழத் தோல், கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, எலும்பு, டிஷ்யூ ஆகியவற்றுக்கு. இந்தப் பிரிப்பைத் தொடக்கத்திலேயே செய்யாவிட்டால் சாம்பாரில் முருங்கைக்காய் போட்ட நாளெல்லாம் 'விரயம்' கூடியதாகக் கணக்குக் காட்டும். பரிமாறும் மேசையில் மீந்தது வேறு, தட்டில் மீந்தது வேறு. நாம் அளப்பது தட்டில் மீந்ததை மட்டும். சாதாரண மின்னணுத் தராசு போதும். வெறும் வாளியின் எடையைக் கழித்து, அன்று சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இத்தனை கிராம் என்று வரும். எண்ணிக்கையைக் காலை உணவுக் கூப்பனிலிருந்து எடுங்கள். அறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஊகிக்க வேண்டாம். குழந்தைகளைத் தனியே குறியுங்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எடைபோடுங்கள். அடுத்த இரண்டு வாரம் ஒரே ஒரு மாற்றம்: சிறிய தட்டு, அல்லது ஒரு பலகை. அதற்கடுத்த இரண்டு வாரம் பழையபடி விடுங்கள். மிச்சம் மீண்டும் ஏறினால்தான் இறக்கத்துக்கு உங்கள் மாற்றம் காரணம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பொங்கல் விடுமுறையும், சுபமுகூர்த்த நாள்களும், பள்ளித் தேர்வுக் காலமும் எந்த வாரத்தில் விழுகின்றன என்று நாள்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். கல்யாணக் கூட்டம் வந்து தங்கிய வாரத்தை, அலுவல் பயணிகள் மட்டும் தங்கிய வாரத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

எடைபோடும் காலையில் கண்ணையும் திறந்து வைத்திருங்கள். மலை நகர விடுதி ஒன்றில் ஒரு மாணவியோடு நான் நின்ற நாள் நினைவிருக்கிறது. விருந்தினர்கள் ஆசைப்பட்டு அள்ளிக்கொண்டு வீணாக்குகிறார்கள் என்று மேலாளர் உறுதியாகச் சொல்லியிருந்தார். திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்தால், அதிகம் மீந்திருந்தது குழந்தைகளின் தட்டில் வெண்பொங்கல். ஒரு பக்கம் மட்டும் ஸ்பூனால் கீறிவிட்டு அப்படியே வைத்திருந்தார்கள். அந்த மாணவி போய்ப் பாத்திரத்தில் கிடந்த கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்: பந்தியில் சாதம் போடும் பெரிய அன்னக்கரண்டி. அதில் ஒரு முறை எடுத்தாலே ஒரு குழந்தையின் வயிற்றுக்கு மூன்று மடங்கு. அங்கே ஆசை எங்கிருந்து வந்தது? இத்தகைய ஒரு குறிப்பு, முப்பது கேள்விகள் தராத கருதுகோளை உங்கள் கையில் கொடுத்துவிடும்.

கேட்டே ஆக வேண்டுமென்றால்

கேள்வி கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஏன் இந்த ஊருக்கு வந்தார், ஏன் அந்த விடுதியை விட்டு இந்த விடுதியைத் தேர்ந்தார் என்பதை வாளி சொல்லாது. ஆனால் 'பொதுவாக நீங்கள்...' என்று தொடங்காதீர்கள். 'இன்று காலை', 'கடைசியாகத் தங்கிய விடுதியில்' என்று நடந்து முடிந்த ஒன்றைக் கேளுங்கள். 'சுற்றுச்சூழலுக்கு உகந்த விடுதிக்குக் கூடுதல் பணம் தருவீர்களா' என்று கேட்டால், எதிரே நிற்கும் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்றே பலர் தலையாட்டுவார்கள். வரவேற்பு மேசை ஊழியர் பக்கத்தில் நிற்கும்போது சேவையைப் பற்றிக் கேட்பதும் அப்படித்தான்.

ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்க்கும்போது, அதைத் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவருக்கு என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'சேவைத் தரத்தின் நம்பகத்தன்மை' என்ற தொடர் ஒரு வேன் ஓட்டுநருக்கோ, குடும்பத்தோடு வந்த பாட்டிக்கோ எதையும் உணர்த்தாது. 'சொன்ன நேரத்துக்கு வெந்நீர் வந்ததா' என்பது எல்லாருக்கும் புரியும். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தைச் சுற்றுக்கு விட்டு வாங்கிய பதில்களை 'சுற்றுலாப் பயணிகளின் கருத்து' என்று எழுதாதீர்கள். அது உங்கள் நண்பர்களின் கருத்து.

இணைய மதிப்புரைகளைப் பற்றி

வீட்டிலிருந்தே திரட்டலாம் என்பதால் இணைய மதிப்புரைகள் மாணவர்களை ஈர்க்கின்றன. மைக்கேல் லூகாவின் ஆய்வில், யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் தனி உணவகத்தின் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்ந்தது. ஒரே பெயரில் பல கிளைகள் நடத்தும் சங்கிலி உணவகங்களுக்கு அந்தப் பலன் இல்லை. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் பொய்யும் நுழையும். டினா மேஸ்லின், யானிவ் டோவர், ஜூடித் செவாலியர் ஆகியோர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அப்போது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியதாக இருந்த டிரிப்அட்வைசரையும், அறை எடுத்தவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியாவையும் ஒப்பிட்டார்கள். பக்கத்திலேயே தனியார் சிறு ஹோட்டல் போட்டியாக இருந்தால், முதல் தளத்தில் எதிர்மறை மதிப்புரைகள் இரண்டாம் தளத்தைவிடக் கூடுதலாக இருந்தன. ஆகவே ஒரு தளத்தை மட்டும் எடுக்காதீர்கள். எழுதியவர் அங்கே தங்கியவர்தானா என்பதைத் தளம் சரிபார்க்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாமல் போன விருந்தினர்களே எப்போதும் பெரும்பான்மை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊழியர்கள்

விருந்தோம்பல் துறையில் பாதி நடத்தை விருந்தினருடையது, மறுபாதி பணியாளருடையது. ஆர்லி ஹோக்சைல்ட் 1983ஆம் ஆண்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார்: புன்னகையும் பொறுமையும் சம்பளத்துக்குரிய வேலையின் பகுதியாகிவிடும்போது அதற்கு ஒரு விலை உண்டு. தினசரி அறைச் சுத்தத்தைக் குறைக்கும் திட்டங்களை ஆராய்பவர்கள், மிச்சமாகும் தண்ணீரைக் கணக்கிடுவதோடு நிற்காமல், ஹவுஸ்கீப்பிங் பெண்களின் வேலை நாள்களும் டிப்ஸும் என்ன ஆயின என்றும் பார்க்க வேண்டும். மூன்று நாள் சேர்ந்த அறையைத் துடைப்பது ஒரு நாள் அறையைத் துடைப்பதைவிடக் கடினம் என்பதை அவர்களே சொல்வார்கள். பணியாளரின் இடத்தை இயந்திரத்தால் நிரப்பிவிடுவதும் அவ்வளவு எளிதல்ல: ஜப்பானில் 2015இல் நாகசாகி அருகே திறக்கப்பட்ட ஹென்-நா ஹோட்டல், மனிதர்களுக்குப் பதில் ரோபோக்களை நிறுத்தியது. விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று எண்ணி அறையில் இருந்த பொம்மை ரோபோ அவர்களைத் தட்டியெழுப்பிய கதையும் நடந்து, 2019க்குள் ரோபோக்களில் பாதிக்கு மேல் விலக்கப்பட்டன.

ஊழியர்களிடம் பேசுவதானால் பணி முடிந்த பின், மேலாளர் இல்லாத இடத்தில், பெயர் குறிக்காமல் பேசுங்கள். அவர்கள் சொன்ன குறை ஆய்வேட்டின் வழியாக முதலாளியின் காதுக்குப் போய் ஒருவர் வேலையை இழந்தால், அந்த ஆய்வு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் என் கண்ணில் அது தோல்விதான்.

ஊரே களமாகும்போது

சில சமயம் அரசோ நீதிமன்றமோ நமக்காகப் பெரிய சோதனையை நடத்திக் கொடுத்துவிடும். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், தேர்ந்தெடுத்த 29 நாள்களில், ஒருநாள் வருகையாளரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கியது. கட்டண நாளையும் கட்டணமில்லாத நாளையும் ஒப்பிடும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்குத் தானாகக் கிடைத்தது. நம் பக்கத்தில், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது; 2025 ஏப்ரல் முதல் சீசனில் நீலகிரிக்கு வேலை நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு கட்டப்பட்டது. இ-பாஸ் எண்ணுவது வாகனத்தை; தலையை எண்ணுவதில்லை. காரில் வந்தவர்கள் அரசுப் பேருந்துக்கு மாறினார்களா, வேறு மலைக்குத் திரும்பினார்களா, வார நாளுக்குத் தள்ளிவைத்தார்களா என்பது ஓர் இளம் ஆய்வாளர் இரண்டு சீசனில் கண்டறியக்கூடிய, நீதிமன்றத்துக்கும் மலைவாழ் மக்களுக்கும் வேண்டிய செய்தி.

எழுதும்போது

கணக்குப் போட்டு முடித்த பின் மாற்றம் ஒன்றுமே தெரியாமல் போகலாம். தட்டைச் சிறிதாக்கியும் மிச்சம் குறையவில்லை என்றால் அதையே எழுதுங்கள். எத்தனை நாள், எத்தனை பேர், எந்த மாதம் என்று முழுமையாக எழுதினால் அடுத்தவருக்கு அது பயன்படும். எண்ணைச் சாதகமாக்க எந்த வாரத்தையும் கழற்றிவிடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் காரணத்தை அதே பக்கத்தில் சொல்லுங்கள்.

ஆய்வேட்டைத் துறையில் ஒப்படைத்த கையோடு, முடிவுகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அந்த விடுதிக்கு எடுத்துச் செல்லுங்கள். உரிமையாளருக்கு ஒரு படி, சமையல் மாஸ்டருக்கு ஒரு படி, ஆறு வாரம் உங்கள் வாளிகளைப் பிரித்துத் தந்த பாத்திரம் கழுவும் அக்காவுக்கு ஒரு படி. அந்த அக்காவிடம் அதை வாசித்துக் காட்டுங்கள்; நீங்கள் கவனிக்காத ஏதோ ஒன்றை அவர் அப்போது சொல்லக்கூடும், எழுதிக்கொள்ளக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.